புரத இடைவினை வலையமைப்பு: ஒவ்வொரு கோட்டையும் விசாரித்துப் படிப்பது எப்படி

புரத வலையமைப்புப் படத்தில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு ஒரே பொருள் கிடையாது. ஓரிடத்தில் அது இரண்டு புரதங்கள் நேரடியாகத் தொட்டுக்கொள்வதைக் குறிக்கும். இன்னோரிடத்தில் இரண்டும் ஒரே கூட்டுத்தொகுதியில் அகப்பட்டதைக் குறிக்கும். வேறோரிடத்தில் இரண்டின் பெயரும் ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி சேர்ந்து வருகின்றன என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது. புதிதாகப் படிக்க வருபவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே மென்பொருளைத் திறக்கும் முன் இரண்டு சோதனை முறைகளையாவது புரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, 1989இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியூ சாங்கும் வெளியிட்ட ஈஸ்ட் இரு-கலப்பு முறை. கேல்4 என்ற புரதத்தை இரண்டு துண்டாக்கி, டிஎன்ஏவைப் பிடிக்கும் துண்டைத் 'தூண்டில்' புரதத்தோடும், மரபணுவை இயக்கும் துண்டை 'இரை' புரதத்தோடும் ஒட்டுவார்கள். தூண்டிலும் இரையும் சேர்ந்தால், ஹிஸ்டிடின் தயாரிக்க உதவும் அடையாள மரபணு இயங்கும். ஹிஸ்டிடின் இல்லாத ஊடகத்திலும் ஈஸ்ட் வளரும். இதில் பழைய தொல்லை ஒன்று உண்டு: சில தூண்டில்கள் இரையே இல்லாமல் மரபணுவை இயக்கிவிடும். தூண்டிலை, இரைப் புரதம் இல்லாத வெற்றுப் பிளாஸ்மிடோடு (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் டிஎன்ஏ வளையம்) வைத்துச் சோதித்தால் இது தெரிந்துவிடும். இன்னொன்று, இந்தச் சந்திப்பு உட்கருவுக்குள் நடந்தாக வேண்டும். சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் அங்கே வந்து சேராது. அவற்றுக்கு இடைவினை எதுவும் பதிவாகவில்லை என்றால், அது முறையின் குறை.

இரண்டாவது முறையில் ஒரு புரதத்தில் அடையாளக் குறி ஒட்டி, செல் சாற்றிலிருந்து அதை இழுத்து, கூடவே ஒட்டிவந்தவற்றை நிறை நிறமாலைமானியில் அடையாளம் காண்பார்கள். தோலிலிருந்து விழுந்த கெரட்டின், டியூபுலின், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், ரைபோசோம் புரதங்கள் ஆகியவை எதை இழுத்தாலும் கூட வரும். குறியை மட்டும் தாங்கிய கட்டுப்பாட்டு மாதிரியும், குறைந்தது 3 தனித்தனி மறுசோதனைகளும் இல்லாத பட்டியலை நம்ப வேண்டாம். ஒரு தூண்டிலோடு 9 புரதங்கள் வந்தால், தூண்டிலிலிருந்து மட்டும் கோடு இழுத்தால் 9 கோடுகள். வந்த எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் 45. சோதனை ஒன்றுதான், படம் மட்டும் ஐந்து மடங்கு பெருக்கிறது. இன்ட்ஆக்ட் தரவுத்தளம் இப்படி விரித்து எழுதிய பதிவுகளுக்குத் தனிக் குறிப்பு தருகிறது. தரவுக் கோப்பில் அந்தக் குறிப்பு இருக்கும் பத்தியை (நெடுவரிசையை) அழித்துவிடாதீர்கள்.

பிழையின் அளவையும் மனதில் வையுங்கள். மனிதரில் சுமார் 20,000 புரத மரபணுக்கள். அவற்றிலிருந்து ஏறத்தாழ 20 கோடி இணைகள் வரும். ஒரு சோதனை வெறும் 0.01 சதவீத இணைகளைத் தவறாகச் 'சேர்கிறது' என்று சொன்னாலும் 20,000 போலிக் கோடுகள்.

தரவு எடுப்பது

கேள்வி சிறியதாக இருக்கட்டும்: 'புற்றைத் தடுக்கும் பி53 புரதத்தை, ஏற்கெனவே தெரிந்த எம்டிஎம்2 புரதம் தவிர வேறு எவை நேரடியாகப் பிடிக்கின்றன?' என்பது போல. இடைவினைத் தரவுத்தளமான பயோகிரிட்டில் எடுக்கும்போது 'இயற்பியல்' வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மரபியல் இடைவினைகளும் கலந்திருக்கும். இரண்டு மரபணுக்களைச் சேர்த்து நீக்கினால் செல் செத்துப்போகிறது என்பதற்கு இரண்டும் தொட்டுக்கொள்கின்றன என்று பொருளல்ல. பலவகைச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பெண் தரும் ஸ்ட்ரிங் தரவுத்தளத்தில் இன எண் 9606 மனிதன். வலையமைப்பு வகையில் முழு வலையமைப்பு, இயற்பியல் துணை வலையமைப்பு என இரண்டு இருக்கும். மேலே சொன்ன கேள்விக்கு இரண்டாவதுதான் தேவை.

ஸ்ட்ரிங் மதிப்பெண்ணைப் பலரும் பிணைப்பின் வலிமை என்று படிக்கிறார்கள். அது வலிமையே அல்ல. தொடர்பு உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்பீடு. 0.4 நடுத்தரம், 0.7 உயர்வு, 0.9 மிக உயர்வு. பல சான்றுகளின் மதிப்பெண்கள் எப்படிச் சேர்கின்றன என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ஒரு இணைக்கு மரபணு ஒருங்கு வெளிப்பாட்டில் (இரு மரபணுக்களும் சேர்ந்தே இயங்குவது) 0.5, கட்டுரைத் தேடலில் 0.5, சோதனைச் சான்று பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் தற்செயல் வாய்ப்பான 0.041ஐக் கழித்து 0.959ஆல் வகுத்தால் 0.479. இரண்டுமே பொய்யாக இருக்கும் வாய்ப்பு 0.521 × 0.521, அதாவது 0.272. ஒன்றிலிருந்து கழித்தால் 0.728. தற்செயல் வாய்ப்பைத் திரும்பச் சேர்த்தால் சுமார் 0.74. ஆய்வகச் சான்று ஒன்றுகூட இல்லாமல் 'உயர் நம்பிக்கை' எல்லையான 0.7ஐத் தாண்டிவிட்டது! மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல் சோதனைப் பத்தியைத் தனியாக வடிகட்டச் சொல்வது இதனால்தான்.

பல தளங்களின் பட்டியல்களை ஒட்டும் முன் எல்லாப் பெயர்களையும் யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் அடையாள எண்ணுக்கு மாற்றுங்கள். பட்டியலை எக்ஸெலில் நேரடியாகத் திறக்காதீர்கள்: செப்ட்2 என்ற மரபணு '2-செப்' என்று தேதியாகிவிடும், மார்ச்1 '1-மார்ச்' ஆகிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் பெயரிடல் குழுவே அவற்றைச் செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றியது. பழைய கோப்புகளில் பழைய பெயர்கள் அப்படியே கிடக்கின்றன. பத்தியை 'உரை' வகையாக இறக்குமதி செய்தால் தப்பிக்கலாம். பிறகு ஒரே இணை அ-ஆ, ஆ-அ என இருமுறை வந்திருந்தால் ஒன்றாக்குங்கள். தன்னோடு தானே சேரும் கோடுகளைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

வரைந்த பிறகு

வலையமைப்பு வரையும் மென்பொருளான சைட்டோஸ்கேப்பில் மூலம், இலக்கு, மதிப்பெண், சோதனை முறை என நான்கு பத்திகளோடு ஏற்றுங்கள். சில ஆயிரம் கோடுகளைத் தாண்டினால் படம் நூல்கண்டு சிக்கியது போலத்தான் இருக்கும். அதை அழகுபடுத்த நேரம் செலவிடாமல், உங்கள் புரதத்தின் முதல் சுற்று அண்டைகளை மட்டும் பிரித்தெடுங்கள்.

அதிக இணைப்புள்ள புரதத்தை 'மையம்' என்று அறிவிக்க எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். பி53க்கு இணைப்புகள் ஏராளம் என்பதில், அதைப் பல பத்தாண்டுகளாகத் தோண்டித் துருவியிருக்கிறார்கள் என்பதற்கும் பங்குண்டு. இதைச் சரிபார்க்க, எல்லாப் புரதங்களையும் பாரபட்சமின்றிச் சோதித்த தொகுப்பை மட்டும் வைத்து மீண்டும் எண்ணுங்கள். 2020இல் வெளியான ஹூரி என்ற தொகுப்பு, ஈஸ்ட் முறையில் ஏறத்தாழ 53,000 மனித இடைவினைகளைத் தருகிறது. அதில் உங்கள் மையம் சாதாரணப் புள்ளியாகச் சுருங்கினால், நீங்கள் அளந்தது புரதத்தின் புகழை.

உங்கள் 40 புரதங்களுக்குள் 60 கோடுகள் இருப்பது அதிகமா, சாதாரணமா? ஒவ்வொரு புள்ளியின் இணைப்பு எண்ணிக்கையை மாற்றாமல் கோடுகளின் முனைகளை மட்டும் இடம் மாற்றி 1,000 போலி வலையமைப்புகள் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் மொத்தக் கோடுகளைப் போல் 10 மடங்கு இடமாற்றங்களாவது வேண்டும். ஒன்றில்கூட 60 வரவில்லை என்றால் பி-மதிப்பு (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு) பூஜ்யம் என்று எழுதாதீர்கள். 1/1001 என்று எழுதுங்கள். செயல்பாட்டுச் செறிவை, அதாவது பட்டியலில் எந்தச் செயல்பாடு எதிர்பார்ப்பைவிட அதிகம் என்பதைக் கணக்கிடும்போது, சோதனையில் கண்டறிய முடிந்தவை 3,000 புரதங்கள் என்றால் ஒப்பிட வேண்டிய பின்னணி அந்த 3,000தான். 20,000ஐப் பின்னணியாக வைத்தால், செல்லில் மிகுதியாக இருக்கும் ரைபோசோம் புரதங்கள் எந்தப் பட்டியலிலும் 'குறிப்பிடத்தக்கவை' என்று முன்னால் வந்து நிற்கும்.

ஆய்வகத்தில் உறுதிசெய்தல்

கடைசியில் மிஞ்சும் நாலைந்து இணைகளுக்கு, புரத வடிவத்தைக் கணிக்கும் மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டில் இரு புரதங்களையும் சேர்த்துக் கணிக்கலாம். இடைமுக மதிப்பான ஐபிடிஎம் 0.8க்கு மேல் இருந்தால் நம்பலாம், 0.6க்குக் கீழே கணிப்பு பெரும்பாலும் தவறியிருக்கும். இடைப்பட்டதை நம்பி மாதக்கணக்கில் வேலை தொடங்க வேண்டாம்.

பிறகு, ஆன்டிபாடியால் ஒரு புரதத்தை இழுத்து மற்றது கூட வருகிறதா என்று பார்க்கும் சோதனை. செல்களை 4 டிகிரி செல்சியஸில், 150 மில்லிமோலார் உப்பு, 1 சதவீத என்பி-40 (மென்மையான சோப்புப் பொருள்) கொண்ட கரைசலில் உடையுங்கள். செல்லை உடைக்கப் பயன்படும் இன்னொரு கரைசலான ரிப்பாவில் உள்ள எஸ்டிஎஸ் என்ற கடும் சோப்புப் பொருள் பலவீனமான பிணைப்புகளைப் பிரித்துவிடும். மொத்தச் சாற்றின் 5 முதல் 10 சதவீதத்தை ஜெல்லின் ஒரு தடத்திலும், அதே விலங்கின் சாதாரண ஐஜிஜியால் (உங்கள் புரதத்தைக் குறிவைக்காத ஆன்டிபாடி) இழுத்ததை இன்னொரு தடத்திலும் ஓட்டுங்கள். 50 கிலோடால்டனிலும் 25 கிலோடால்டனிலும் பளிச்சென்று பட்டை தெரிந்தால் குதூகலிக்காதீர்கள். அவை ஆன்டிபாடியின் கனச்சங்கிலியும் மென்சங்கிலியும். உங்கள் புரதமும் அந்த அளவில் இருந்தால், இழுக்க ஒரு விலங்கின் ஆன்டிபாடி, கண்டறிய வேறு விலங்கினுடையது என்று மாற்றுங்கள். இரண்டுமே டிஎன்ஏவைப் பிடிக்கும் புரதங்கள் என்றால் சாற்றில் டிஎன்ஏவை வெட்டும் நியூக்ளியேஸ் நொதியைச் சேர்த்து மீண்டும் இழுங்கள். பட்டை மறைந்துபோனால், அவை ஒன்றையொன்று தொடவே இல்லை. இரண்டும் ஒரே டிஎன்ஏத் துண்டில் தொங்கிக்கொண்டு வந்திருக்கின்றன.