பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வராம கோழி வளர்க்கிறது எப்படி? (சத்தம் பத்தி மட்டும்)

கூண்டு கட்டுறது, தீவனம், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இதுக்கெல்லாம் ஏகப்பட்ட வீடியோ கிடக்கு, அதுக்குள்ள நான் போகல. சத்தத்தைப் பத்தி மட்டும் யாரும் ஒழுங்கா சொல்றதில்ல. "சேவல் கூவத்தானே செய்யும், கிராமத்துல கூவலையா"ன்னு சொல்லி முடிச்சிருவாங்க. நாங்க இருக்கிறது கோவைல, அஞ்சு சென்ட் இடம், மூணு பக்கமும் வீடு, அதுல ஒரு வீட்டு பெட்ரூம் ஜன்னல் எங்க சந்துக்கு நேரா தொறக்குது. அங்க இருக்கிற அக்கா ஒரு நாள் காம்பவுண்டு மேல எட்டிப் பாத்து "ஏங் கண்ணு, உங்க சேவலுக்கு மட்டும் மூணு மணிக்கே விடிஞ்சுருதா?"ன்னு சிரிச்சுட்டேதான் கேட்டாங்க. சிரிச்சுட்டு கேக்கும்போதே சரி பண்ணிரணும், சிரிக்காம கேட்டா விஷயம் வேற மாதிரி போயிரும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன். நமக்குப் பிரச்சினை சத்தத்தோட அளவு இல்ல, நேரம். பகல் பதினோரு மணிக்கு கோழி கத்துறது தெருவுல போற தண்ணி லாரி, மிக்ஸி, டிவி சீரியலுக்கு நடுவுல யாருக்கும் கேக்காது, அதே சத்தம் காலைல நாலு மணிக்கு வந்தா தூக்கமே போச்சு. அதனால கீழ சொல்ற எல்லாமே அந்த மூணுல இருந்து ஆறரை வரைக்கும் உள்ள நேரத்தைக் காலி பண்றதுக்குத்தான்.

ஸ்டெப் 1: கணக்கைப் பாருங்க

சேவல் கூவுனா ஒரு மீட்டர் தூரத்துல சுமாரா 90 டெசிபல். கூவுற சேவலோட காதுகிட்டயே மைக் வச்சு பெல்ஜியத்துல அளந்தப்ப 100க்கு மேல வந்துச்சு, அது வாயைத் தொறக்கும்போது அதோட காதுத் துவாரம் கொஞ்சம் தானா மூடிக்குமாம், அதான் அதுக்கு காது போகல, போறதெல்லாம் நமக்குத்தான். பெட்டை முட்டை போட்டுட்டு கேறுறது 60ல இருந்து 70, அதாவது நாம சாதாரணமா பேசுறதுல இருந்து கொஞ்சம் கத்திப் பேசுற அளவு.

திறந்த வெளில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும். 90னா 2 மீட்டர்ல 84, 4 மீட்டர்ல 78, 8ல 72, 16ல 66. நம்ம நாட்டு ஒலி மாசு விதிகள் 2000ல குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55, ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் 45தான் அளவு. அதாவது அஞ்சு சென்ட்ல எந்த மூலைல கட்டுனாலும் சேவல் அந்தக் கணக்குக்குள்ள வராது. பெட்டைய எடுத்துக்கங்க, 65 வச்சா 8 மீட்டர்ல 47, அதுவும் பகல்ல, ஜாலியா வளர்க்கலாம்.

போன்ல ஏதாவது சவுண்ட் மீட்டர் ஆப் போட்டுக்கங்க, நம்பர் துல்லியமா இருக்காது, ஆனா முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு ஒப்பிட்டுப் பாக்க போதும். உங்க கூண்டுகிட்ட நின்னு அளக்காதீங்க, பக்கத்து வீட்டு ஜன்னல் ஓரமா நின்னு அளங்க.

ஸ்டெப் 2: சேவல் உண்மையிலேயே வேணுமா?

முட்டைக்கு சேவல் தேவையே இல்ல. இதை இன்னும் பாதிப் பேர் நம்ப மாட்டேங்கறாங்க. பெட்டை தனியாவே முட்டை போடும், குஞ்சு பொரிக்கிறதுக்கு மட்டும்தான் சேவல் வேணும். குஞ்சும் வேணும்னா கரு உள்ள முட்டையை சேவல் வச்சிருக்கிறவங்ககிட்ட வாங்கிட்டு வந்து நம்ம அடைக்கோழிக்கு வச்சிருங்க, 21 நாள்ல குஞ்சு வந்துரும், அதுக்கு யார் பெத்த முட்டைன்னெல்லாம் கவலை இல்ல.

சிக்கல் எங்கன்னா ரோட்டோரமா கூடையில விக்கிற குஞ்சுல எது சேவல்னு தெரியாது. ரெண்டு ரெண்டரை மாசத்துல பாருங்க: கொண்டை சீக்கிரமா சிவக்கும், கழுத்து இறகும் வால் பக்க இறகும் கூர்மையா வரும், பெட்டைக்கு முனை உருண்டையா இருக்கும். நாலஞ்சு மாசத்துல கூவ ஆரம்பிக்கும், முதல்ல தொண்டை கட்டின மாதிரி இழுக்கும். அது முழுசா கூவுறதுக்குள்ள யாருக்குக் கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணிருங்க. குடும்பமே பேர் வச்சதுக்கு அப்புறம் கஷ்டம்.

ஸ்டெப் 3: எந்தக் கோழி எவ்ளோ கத்தும்

ஒரு விதி வச்சுக்கங்க: அதிகமா முட்டை போடுற இனம் அதிகமா கேறும், ஏன்னா முட்டைக்கு ஒரு தடவை கச்சேரி. ஒயிட் லெகான் வருஷத்துக்கு 280க்கு மேல போடும், கூடவே லேசா பயந்தாலும் பறந்து கத்தும், எனக்கு அது பிடிக்காது. பெருவிடை, அசில் பெட்டைங்க அமைதி, முட்டையும் கம்மி, ஆனா அந்த சேவலுங்க ஒண்ணையொண்ணு பாத்தா போதும். சிறுவிடை நடுத்தரம், அடிக்கடி அடைக்கு உக்காந்துரும், அந்த மூணு வாரம் வீடு நிம்மதி. வனராஜா உடம்பு கனமா இருக்கிறதால கொஞ்சம் சோம்பேறி, முதல் தடவை வளர்க்கிறவங்களுக்கு நான் சொல்றது வனராஜா பெட்டைதான். பிரம்மா, கொச்சின் மாதிரி ஃபேன்ஸி கோழிங்க ரொம்ப சாது, ஆனா விலையும் நம்ம வெயிலும் ரெண்டும் இடிக்கும்.

கின்னிக்கோழி வேண்டாம். பாம்பு வராதுன்னு யாராவது சொல்லுவாங்க, அது இருக்கட்டும், ஆனா காத்துல ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்தாலும் மொத்தக் கூட்டமும் கத்தும், நிறுத்தவே நிறுத்தாது. வாத்துல பெட்டைதான் குவாக் குவாக்னு கத்தும், ஆண் வாத்துக்குக் கரகரப்பான மெல்லிய குரல். மணிலா வாத்து கிட்டத்தட்ட ஊமை, புஸ்ஸுன்னு சீறும், அவ்ளோதான். வாத்து ஆசை இருந்தா அதை வாங்குங்க. காடை சத்தமே போடாதுன்னு விக்கிறவங்க சொல்றதை நம்பாதீங்க, ஆண் காடை ராத்திரிலயும் கூவும்.

ஸ்டெப் 4: கூண்டு எங்க

வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல உள்ள மூணடி சந்துதான் எல்லாரும் பிடிக்கிற இடம், அதுதான் ரொம்ப மோசமான இடம். ரெண்டு சுவருக்கும் நடுவுல சத்தம் மோதி மோதி நேரா ஜன்னலுக்குப் போகும். மொட்டை மாடியும் வேண்டாம், தடுக்க ஒண்ணுமே இல்ல, எதிர் வீட்டு மாடி பெட்ரூமுக்கு சரி மட்டத்துல இருக்கும். 2025 பிப்ரவரில கேரளாவுல அடூர் பக்கம் இப்படித்தான் மாடியில இருந்த கூண்டு, காலைல மூணு மணிக்கு சேவல் கூவி தூக்கம் போகுதுன்னு பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆர்டிஓகிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) புகார் குடுத்து, விசாரிச்சுப் பாத்து 14 நாளுக்குள்ள கூண்டை வீட்டோட தெற்குப் பக்கம் மாத்தச் சொல்லி உத்தரவே போட்டாங்க. அவ்ளோ தூரம் போகணுமா?

பின்பக்கம், தரையில, உங்க வீட்டு சுவரை ஒட்டி, வாசல் உங்க கிச்சன் பக்கம் பாத்த மாதிரி. தகரக் கூரை வேண்டாம், மழை பேஞ்சா அதுவே ஒரு சத்தம், கோழியும் மிரளும். ஓடு, இல்ல தென்னங்கீத்து.

ஸ்டெப் 5: சேவல் இருந்தே தீரணும்னா, ராத்திரிப் பெட்டி

நான் ரொம்ப நாள் மாட்டிக்கிட்ட இடம் இதுதான், அதனால விரிவா சொல்றேன். இருட்டாக்கிட்டா கூவாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துல 2013ல பாத்துட்டாங்க, வெளிச்சமே மாறாத அறையில வச்சாலும் சேவல் விடியறதுக்கு முன்னாடி சரியா கூவுச்சு, அதுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. 2015ல அவங்களே இன்னொண்ணும் கண்டுபிடிச்சாங்க: கூட்டத்துல பெரிய தலை முதல்ல கூவும், மத்ததெல்லாம் வரிசைப்படி பின்னாடி. அதனால ரெண்டு சேவல் வச்சா ஒண்ணு மட்டும் கூவும்னு நினைக்காதீங்க, தொடர் கச்சேரிதான். ஒண்ணே ஒண்ணு வச்சுக்கங்க.

இருட்டு வீண்னு சொல்லல. தெரு எல்ஈடி லைட்டும் ராத்திரி ஒரு மணிக்கு வர்ற பைக் ஹெட்லைட்டும் தூண்டுறதை இருட்டு தடுக்கும். அந்த விடியக்காலை கூவலை மட்டும் தடுக்க முடியாது, அதை வெளிய போகாம அடைக்கத்தான் பெட்டி.

18 மில்லிமீட்டர் பிளைவுட்ல பெட்டி. சேவல் சாதாரணமா நின்னா கொண்டைக்கு மேல ரெண்டு விரல் இடம், கழுத்தை முழுசா நீட்ட முடியலன்னா கூவுற வேகம் குறையும். அகலத்துல கஞ்சத்தனம் வேண்டாம், தாராளமா திரும்பணும். இதுவரைக்கும் எல்லாம் ஈஸி. இடிக்கிறது காத்து ஓட்டைதான். ஓட்டை போடலன்னா சேவல் வெந்துரும், போட்டா சத்தம் மொத்தமும் அது வழியா வந்துரும், சுவர் எவ்ளோ கனமா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. வழி என்னன்னா ஓட்டைக்கு வெளிய ஒரு சின்னக் கூடு மாதிரி அடிச்சு, காத்து நேரா வராம ரெண்டு தடவை திரும்பி வர்ற மாதிரி உள்ள பலகை குடுங்க, அந்தப் பலகைக்குப் பழைய ஜமுக்காளத்தை ஒட்டுங்க. காத்து வளைஞ்சு வந்துரும், சத்தம் ஒவ்வொரு திருப்பத்துலயும் கொஞ்சம் செத்துரும். ஒரு ஓட்டை கீழ, இன்னொண்ணு எதிர்ப்பக்கம் மேல. மேல ஓட்டைல கம்ப்யூட்டர்ல வர்ற 12 வோல்ட் ஃபேன் ஒண்ணு, 12 வோல்ட் அடாப்டர் வச்சு இன்வெர்ட்டர் லைன்ல குடுங்க, கரண்ட் போனா அந்தப் பெட்டில உயிருக்கே ஆபத்து. ஏப்ரல் மே மாசம் வாயைப் பொளந்து மூச்சு வாங்குச்சுன்னா பெட்டி வேண்டாம், வெளிய விட்டுருங்க, அன்னைக்கு கூவுனா கூவட்டும்.

முட்டை அட்டையை ஒட்டுனா சவுண்ட் ப்ரூஃப்னு ஒரு நம்பிக்கை ஓடுது. அது உள்ள எதிரொலிய வேணா கொஞ்சம் குறைக்கும், வெளிய போறதைத் தடுக்காது, தடுக்கிறது கனம் மட்டும்தான். எம் சாண்ட் மூட்டையை பெட்டியோட மூணு பக்கமும் சாத்தி வைங்க, அது வேலை செய்யும். தெர்மாகோல் உள்பக்கம் வரவே கூடாது, ஒரே நாள்ல கொத்தித் தின்னுரும். கூவாம இருக்கக் கழுத்துல மாட்டுற பட்டி பத்தி கேப்பீங்க: எனக்குப் பிடிக்கல, கொஞ்சம் இறுக்கமானா மூச்சு அடைக்கும், தளர்வா போட்டா வேலை செய்யாது.

பெரிய பெருவிடை சேவலை இதுல அடைக்காதீங்க, அந்த உயரத்துக்கு இது கொடுமை.

ஸ்டெப் 6: திறக்கிற நேரமும் முட்டைப் பெட்டியும்

சாயங்காலம் அடையுறதுக்கு முன்னாடி ஒரு கை கம்போ உடைச்ச மக்காச்சோளமோ போடுங்க, இரைப்பை நிறைஞ்சு இருந்தா காலைல பசியில கத்தாது. ஏழு மணிக்குத் திறங்க. முக்கியமா, கத்துனதும் ஓடிப் போய் தீவனம் போடாதீங்க. கத்துனா சாப்பாடு வரும்னு ரெண்டே நாள்ல கத்துக்கும், அப்புறம் உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே ஊரைக் கூட்டும்.

பகல் கச்சேரிக்குக் காரணம் பெரும்பாலும் முட்டைப் பெட்டிக்கு வரிசை. நாலு கோழிக்கு ஒரு பெட்டி போதும்னு கணக்கு சொல்லும், ஆனா மூணு பெட்டி வச்சாலும் எல்லாத்துக்கும் அந்த மூலைப் பெட்டிதான் வேணும். உள்ள ஒண்ணு உக்காந்திருக்கும், வெளிய ஒண்ணு கழுத்தை நீட்டி முன்னும் பின்னும் நடந்துட்டு, ஒத்தைக் கண்ணால உள்ள எட்டிப் பாத்துப் பாத்துக் கத்திட்டே இருக்கும். மத்த பெட்டிங்களுக்கு வாசல்ல சாக்குத் துணி தொங்க விட்டு இருட்டாக்கி, உள்ள ஒரு டேபிள் டென்னிஸ் பந்து வைங்க. யாரோ ஏற்கனவே போட்டுருக்காங்கன்னு நினைச்சு அதுவும் அங்க போகும்.

நடு ராத்திரி திடீர்னு மொத்தமும் அலறுச்சுன்னா டார்ச் எடுத்துட்டுப் போய் பாருங்க, மரநாய், கீரி, பாம்பு, பெருச்சாளி ஏதோ ஒண்ணு. கோழி வலை எனக்கு ஆகாது, அதைக் கடிச்சுப் பிச்சுரும், அரை இஞ்ச் வெல்டு மெஷ் போடுங்க. ஒண்ணுமே இல்லாம ராத்திரி முழுக்க முணுமுணுன்னு அசைஞ்சுட்டே இருந்தா உக்கார்ற கட்டைல செல்லு (ராத்திரில ரத்தம் குடிக்கிற சின்னப் பூச்சி) இருக்கான்னு பாருங்க.

ஸ்டெப் 7: பக்கத்து வீடு

கோழி வர்றதுக்கு முன்னாடியே போய் சொல்லிருங்க. "அக்கா, நாலு பெட்டைக்கோழி வாங்குறேன், தொந்தரவா இருந்தா எங்கிட்டயே சொல்லிருங்க, நான் பாத்துக்கறேன்"னு ஒரு வார்த்தை. யார் வீட்டுல நைட் ஷிஃப்ட், யார் வீட்டுல ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைன்னு கேட்டுக்கங்க. நைட் ஷிஃப்ட் ஆளுக்கு நம்ம கணக்கு தலைகீழ், காலைல ஒம்பதுல இருந்து பன்னெண்டுதான் பெட்டைங்க கேறுற நேரம், அந்த வீட்டுப் பக்கம் முட்டைப் பெட்டி வைக்காதீங்க. முட்டை குடுக்கலாம், சைவ வீடுன்னா மக்கின கோழி எரு குடுங்க, ரோஜாச் செடிக்கு சந்தோஷமா வாங்கிக்குவாங்க. பச்சையா குடுத்தா செடி கருகிரும்.

இன்னொண்ணு, சத்தம்னு வர்ற புகார் பாதி நாத்தமும் ஈயும்தான். வாய் விட்டு "நாறுது"ன்னு சொல்ல சங்கடப்பட்டு "சத்தமா இருக்கு"ன்னு சொல்லுவாங்க. கூண்டுல தேங்கா நார்க்கழிவு இல்ல நிலக்கடலைத் தோல் நல்லா கனமா பரப்பி, ஈரம் சேராம வாரத்துக்கு ரெண்டு தடவை கிளறி விடுங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தங்க, சேவலை வித்துட்டேன், இப்ப ஒரு பெட்டை கூவுதுன்னு கேட்டிருந்தாங்க. பொட்டக்கோழி கூவி பொழுது விடியுமான்னு சிரிக்காதீங்க, நிஜமா நடக்கும். சேவல் இல்லாத கூட்டத்துல பெரிய தலை பெட்டை ஒண்ணு அந்த வேலையை எடுத்துக்கும், சத்தம் கம்மிதான். அது முட்டையையும் நிறுத்திருச்சுன்னா கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க.

இன்னொரு அப்டேட்: வான்கோழி பத்தி மூணு பேர் கேட்டுட்டாங்க. பெட்டை பரவால்ல. ஆண் வான்கோழி குக்கர் விசிலுக்கும் பதில் சொல்லும், பைக் ஹாரனுக்கும் பதில் சொல்லும். மூணு பக்கமும் வீடு இருந்தா வேண்டாம்.