கொழும்பில் குப்பைக்கு யாரைப் பிடிப்பது? முறைப்பாட்டில் நாம் விடும் தவறுகள்

குப்பை நாறினாலும் கால்வாய் நாறினாலும் ஒரே இடத்துக்கு அழைப்பு எடுப்பதுதான் கொழும்புக்காரர் விடும் முதல் தவறு. தெருக்குப்பையும் வீட்டுக்குப்பையும் மாநகர சபையின் பொறுப்பு. பெரிய கால்வாய்களைப் பராமரிப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். தொழிற்சாலைக் கழிவென்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபை, ஆனால் சிறு தொழில்கள் சிலவற்றுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது உள்ளூராட்சி சபைதான். வெள்ளவத்தையில் தெஹிவளைக் கால்வாயைத் தாண்டினால் மாநகர சபையே வேறு! "இது எங்கட வேலை இல்லை" என்று சொல்ல இத்தனை வழி இருக்கும்போது, இடம் மாறிய கடிதம் அலுமாரிக்குத்தான் போகும்.

மீதொட்டமுல்லையில் கொட்டியது கொழும்பின் குப்பை, மேடு எழுந்ததோ மாநகர சபை எல்லைக்கு வெளியே, கொலன்னாவையில். அயலவர்கள் வருடக்கணக்காகப் போராடியும் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் அது சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குப்பை அகற்றுவது சபையின் கடமை, சேர்த்த குப்பை சபையின் சொத்து, அதைப் போட இடம் பார்ப்பதும் சபைதான் என்று மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129 முதல் 131 வரையான பிரிவுகள் சொல்கின்றன. கடிதத்தில் இந்த எண்களைக் குறிப்பிடுங்கள். கெஞ்சுவதைவிட அது வேலை செய்யும்.

குப்பை லொறியில் வரும் தொழிலாளியோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. வட்டார உறுப்பினரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவதும் அப்படித்தான், கையில் ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சாது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவோரும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். "ஏன் அள்ளவில்லை?" என்று கேட்டால் ஒரு சமாதானம்தான் பதிலாக வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: உங்கள் வீதியில் குப்பை அள்ளும் நேர அட்டவணை, ஒப்பந்தக்காரருடனான உடன்படிக்கை, உங்கள் முறைப்பாட்டின் மீது எழுதிய குறிப்பு. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் உரிமை ஆணைக்குழு.

தமிழில் எழுதினால் எடுபடாது என்று சிங்களம் தெரிந்தவரைத் தேடி நாளைக் கடத்தாதீர்கள். கொழும்பிலும் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது.

வழக்கு என்றால் நாள் முக்கியம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.