கண் பரிசோதனைத் தாள் வீட்டுக்கு வந்ததும் நாம் செய்யும் தவறுகள்

பள்ளிப் பையின் அடியில், காலி உணவு டப்பாவுக்குக் கீழே நாலாக மடித்துக் கிடந்தது அந்தத் தாள். பள்ளியில் கண் பரிசோதனை நடந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. "ஏன்டா குடுக்கல?" என்று கேட்டேன். தொடக்கநிலை இரண்டில் படிக்கும் மகன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "நான் ஃபெயில் ஆயிட்டேன்மா."

அவனைக் குறை சொல்ல முடியாது. எந்தத் தாள் வந்தாலும் மதிப்பெண்ணைத் தேடுகிற வீடு இது. எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னால் பிள்ளைக்கு அதுவும் ஒரு பரீட்சைதான். முன்னால் நிற்பவன் வாசிப்பதைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துகொள்ளும். கண்ணை மூடிய கையின் விரலிடுக்கு வழியே எட்டிப் பார்க்கும். இல்லாவிட்டால் இமையைச் சுருக்கும். சுருக்கினால் ஒளி நுழையும் இடைவெளி குறுகும், மங்கலான எழுத்து சற்றே தெளியும். லேசான கிட்டப்பார்வை (தூரத்தில் இருப்பது மங்கும் குறை) உள்ள பிள்ளை இப்படியே ஒரு வருடம் தப்பித்துவிடலாம். அதனால் பரிசோதனைக்கு முந்தின இரவே சொல்லி வைத்துவிடுங்கள்: இது பரீட்சை இல்லை, தெரியாத எழுத்தைத் தெரியவில்லை என்று சொன்னால் யாரும் திட்டமாட்டார்கள். நான் சொல்லி அனுப்பவில்லை. முதல் தவறு என்னுடையது.

இன்னொன்று, பிள்ளை வந்து சொல்லும் என்று காத்திருப்பது. சொல்லாது. மரத்தில் இலைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. எல்லாருக்கும் உலகம் பச்சைக் குவியலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பேருந்து நிறுத்தத்தில் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடி, வருகிற பேருந்தின் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். தனித்தனியாகப் பார்ப்பதுதான் முக்கியம். ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றது மங்கியிருப்பது யாருக்கும் தெரியாமலே போகும், மூளையும் அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். இதைத்தான் சோம்பல் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் நல்ல கண்ணை மறைத்துக் கட்டி மற்றதுக்கு வேலை கொடுத்துச் சரிசெய்ய வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏறப் பலன் குறையும்.

சிங்கப்பூரில் 2001 முதல் தேசியக் கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டம் நடக்கிறது. பாலர் பள்ளியிலும் தொடக்கப்பள்ளியிலும் ஆண்டுதோறும் கண்ணைப் பார்க்கிறார்கள். ஆனால் அது ஒரு சல்லடை, அவ்வளவுதான். பெரும்பாலும் தூரத்து எழுத்து தெரிகிறதா என்றுதான் சலித்துப் பார்க்கும். தூரப்பார்வை (பக்கத்தில் இருப்பது மங்கும் குறை) உள்ள பிள்ளை கண் தசையை முறுக்கி எழுத்தை வாசித்துவிட்டு, வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தலைவலி என்று எழுந்து போகும். "போன மாதம்தானே பாஸ் பண்ணினான்" என்று அதை நடிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தாளைப் பார்த்ததும் நான் செய்தது என் இரண்டாவது தவறு. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் கண் பரிசோதனை நிலையத்தில் முன்பதிவு செய்யாமல், அன்று மாலையே பக்கத்துக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிடத்தில் 225 டிகிரி (அதாவது பவர் 2.25) என்றார்கள். பிறகு சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்துப் பார்த்தபோது வந்தது 150. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகளின் கண் தசைக்கு வலு அதிகம். இயந்திரத்துக்குள் பார்க்கும்போது அது இறுகிக்கொள்ளும், இல்லாத டிகிரியும் சேர்ந்து தெரியும். சொட்டு மருந்து தசையைத் தளர்த்திய பிறகு வருவதுதான் உண்மையான கணக்கு. அன்றைக்குத் துணைப்பாடம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். சில மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து மங்கும், வெயில் கூசும். ஒரு தொப்பி கொண்டுபோனால் நல்லது.

கண்ணாடி வந்தது. திருச்சியிலிருந்து அம்மா போன் செய்தார்: "இத்தனூண்டு வயசுல கண்ணாடி மாட்டினா பவர் ஏறிக்கிட்டே போகும்டி. கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லு." இதை நம்பாத குடும்பமே இல்லை எனலாம். கண் மருத்துவர்களிலும் சிலர் ஒரு காலத்தில் நம்பினார்கள். எல்லைக்கு அப்பால் மலேசியாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 94 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு முழு அளவிலும், மறுபாதிக்கு 75 டிகிரி குறைத்தும் கண்ணாடி கொடுத்து இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் வேகமாக ஏறியது. 2002இல் வெளிவந்த முடிவு. டிகிரி ஏறுவது கண்ணாடியால் அல்ல, கண்ணே நீளமாக வளர்வதால். சட்டை சிறுத்துப்போனதற்கும் சட்டைதான் காரணம் என்று சொல்வோமா?

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். கிட்டப்பார்வை சீனப் பிள்ளைகளின் சங்கதி, நமக்கு அவ்வளவாக வராது என்று தமிழ்ப் பெற்றோர் பலர் சாதாரணமாகச் சொல்கிறார்கள். சீனர்களிடையே அதிகம் என்பது உண்மைதான். ஆனால் 1990களின் பிற்பகுதியில் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணிக்கு) வந்த பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இளையர்களைப் பரிசோதித்தபோது, சீனர்களில் 82 விழுக்காட்டினருக்கும் இந்தியர்களில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. பத்துப் பேரில் ஏழு பேர். இதை வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக இருப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

சரி, கண் ஏன் நீள்கிறது? எல்லாரும் கைப்பேசியைக் கைகாட்டுகிறார்கள். அதில் பங்கு இருக்கிறது. ஆனால் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அந்த நேரத்தில் பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்தால் கண்ணுக்கு என்ன வித்தியாசம்? இரண்டும் முகத்துக்கு ஒரு முழத்துக்குள்தான். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டது. எல்லாரும் ஆறேழு வயதினர். சிட்னியில் 3.3 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, இங்கே 29.1. சிட்னிப் பிள்ளைகள் படித்த புத்தகங்கள் அதிகம் என்பதுதான் வேடிக்கை. வாரத்துக்கு அவர்கள் வெளியில் இருந்த நேரம் ஏறக்குறைய 14 மணி. நம் ஊர்ப் பிள்ளைகள் 3 மணி. வெளிவெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து, கண் நீள்வதைத் தடுக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இங்கேதான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. பூப்பந்துக்கு அனுப்புகிறோமே என்பார்கள், அது உள்ளரங்கு. நீச்சல், கூரை போட்ட குளத்தில். புளோக்குக்குக் கீழே வெற்றுத்தளத்தில் ஓடுகிறான் என்பார்கள். தலைக்கு மேல் பன்னிரண்டு மாடி கான்கிரீட். ஓடியாடினால் உடம்புக்கு நல்லது, கண்ணுக்கு வேண்டியது வெளிச்சம். நன்கு விளக்கெரியும் அறையிலும் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தான் இருக்கும், திறந்த வெளியில் பத்தாயிரத்தைத் தாண்டும். அதற்காக உச்சி வெயிலில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. மரநிழலிலும், தொப்பி போட்டிருந்தாலும், அறைக்குள் கிடைப்பதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. நாளுக்கு இரண்டு மணி நேரம் என்பது இலக்கு. எங்கள் வீட்டில் வார நாளில் அது நடப்பதில்லை என்பதை ஒளிக்கவில்லை. பள்ளி விட்டு நேரே மின்தூக்கி ஏறாமல் விளையாட்டுத் திடலில் நாற்பது நிமிடம், மீதியைச் சனி ஞாயிறில் பூங்காவில் ஈடுகட்டுகிறோம்.

கேரட், பொன்னாங்கண்ணி பற்றிக் கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடட்டும். வைட்டமின் ஏ குறைந்தால் வரும் மாலைக்கண்ணுக்கு அவை மருந்து. நீண்டுபோன கண்ணைச் சுருக்காது.

எனக்குப் பெரிதாகப் படுவது, கண்ணாடி மாட்டியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது. கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும், கண் வளர்வதை நிறுத்தாது. ஏழு வயதில் 150 என்றால் பதினைந்து வயதில் எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. வளர்ச்சியை மெதுவாக்க இப்போது வழிகள் உண்டு. குறைந்த அடர்த்தி அட்ரோபின் சொட்டு மருந்தை இரவில் விடுவது ஒன்று. அதற்கான முன்னோடி ஆய்வுகள் நம் ஊரில்தான் நடந்தன. நடுவில் சாதாரண வில்லையும் அதைச் சுற்றி நுண்வில்லைகளும் கொண்ட கண்ணாடி இன்னொன்று. ஹாங்காங்கில் இரண்டாண்டு சோதனையில், சாதாரணக் கண்ணாடி போட்டவர்களோடு ஒப்பிட்டால், டிகிரி ஏறும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எது உங்கள் பிள்ளைக்கு என்பதைக் கண் மருத்துவர் முடிவு செய்யட்டும். அட்ரோபினை நினைத்தபோது நிறுத்திவிடாதீர்கள். அடர்த்தி கூடிய மருந்தை நிறுத்தியதும், அடக்கி வைத்த டிகிரி வேகமாகத் திரும்ப ஏறியதை அந்த ஆய்வுகளே காட்டின.

"எப்படியும் பெரியவனானதும் லேசிக் பண்ணிக்கலாம்" என்கிறார் என் கணவர். இன்னும் அந்தச் சண்டை தீரவில்லை. லேசிக் என்னும் லேசர் அறுவை கண்ணின் முன்புறக் கருவிழியைச் செதுக்கும். பின்னால் இழுபட்டு மெலிந்த விழித்திரை அப்படியேதான் இருக்கும். 500 டிகிரியைத் தாண்டியவர்களுக்கு விழித்திரை விலகலும் கண் அழுத்த நோயும் வரும் அபாயம் அதிகம், அறுவை செய்துகொண்டாலும் அது போகாது. அவர்கள் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். கண் முன்னே திடீரென மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கியதுபோல் இருண்டாலோ மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.