தகதிமி சொல்லி வாசிக்கும் ஒரு கிட்டார் லிக்: தடுக்கும் இடத்தைத் தாண்டுவது எப்படி

தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும். ஓட்டுநர் அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார். தொப்பூர் கணவாய் வந்ததும் லாரிகள் எல்லாம் கியரைக் குறைத்து ஊர்ந்து இறங்கும். சிரமம் அந்த இறக்கத்தில்தான், மீதிச் சாலையில் ஒன்றும் இல்லை. கிட்டாரில் ‘இந்த லிக் (சின்ன இசைத் துணுக்கு) வரவே மாட்டேங்குது’ என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் சாலை முழுவதையும் திட்டுகிறார்கள். நானும் ஏழெட்டு மாதம் அப்படித்தான் இருந்தேன். முதலிலிருந்து வாசிப்பேன், ஒரே இடத்தில் தடுக்கும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவேன். ஏற்கெனவே வருகிற பகுதிதான் மேலும் மெருகேறியது. வராத பகுதி தப்பாகவே கையில் பழகிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். உங்களுக்கு சி மேஜர் கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதும். வலக்கையால் மீட்டுபவர்களுக்காக எழுதுகிறேன். மெல்லிய கம்பி 1, தடித்த கம்பி 6. டியூனர் ஆப் வைத்து ஸ்ருதி சேர்த்துக்கொள்ளுங்கள். இடது சுண்டு விரல் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அது கொஞ்சம் நீண்டிருந்தாலும் இந்த லிக் வராது.

இதுதான் லிக். எட்டு அட்சரம், ஒரு சுற்று:

சொல்: த | க | தி | மி | த | க | ஜொ | ணு
கட்டைவிரல்: 5 | – | 4 | – | 5 | – | 4 | –
மற்ற விரல்: 1 | (1) | – | 2 | – | 1 | – | 3

எண்கள் எல்லாம் கம்பியின் எண்கள். 1-ஆம் கம்பிக்கு வலக்கை நடுவிரல், 2-க்கும் 3-க்கும் ஆள்காட்டி விரல். முதல் ‘த’வில் கட்டைவிரலும் நடுவிரலும் ஒரே நேரத்தில் மீட்ட வேண்டும். அப்போது இடது சுண்டு விரல் 1-ஆம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டில் இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் (1) தான் நம்முடைய தொப்பூர். அங்கே வலக்கைக்கு வேலையே இல்லை. இடது சுண்டு விரல் கம்பியைச் சுண்டிவிட்டு விலக, திறந்த கம்பி ஒலிக்க வேண்டும். இதைத்தான் புல்-ஆஃப் என்கிறார்கள்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் சி-யை ஸட்ஜமமாக வைத்துப் பாடிப் பாருங்கள்: ப க ஸ க, கடைசியில் கீழ்ப் பஞ்சமம். கீழே கட்டைவிரல் ஸ, க என்று மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். இப்படிக் கட்டைவிரல் நிற்காமல் இரு கம்பிகளுக்கிடையே நடக்கும் பாணிக்கு டிராவிஸ் பிக்கிங் என்று பெயர். கென்டக்கியில் 1917-ல் பிறந்த மெர்ல் டிராவிஸ் பெயரால் வந்தது. அவர் பெரும்பாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே வைத்து வாசித்தவர். நாம் நடுவிரலையும் சேர்த்து மூன்று விரலில் வாசிக்கப் போகிறோம், அதில் கூச்சப்பட வேண்டாம்.

முதலில் கிட்டாரைக் கீழே வையுங்கள். எங்கள் தெருவில் கூத்துக்கு மிருதங்கம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் மொட்டை மாடியில் தடுமாறுவதைப் பல நாள் கேட்டுவிட்டு, ‘தம்பி, வாயில வராதது கையில வராது’ என்றார். அன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. ஆனால் விஷயம் அதுதான். ‘தகதிமி தகஜொணு’ என்று சொல்லிக்கொண்டே த, தி, த, ஜொ நான்குக்கும் தொடையில் கட்டைவிரலால் தட்டுங்கள். நான்கும் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். அப்புறம் க, மி, க, ணு வரும்போது மற்ற கையால் தட்டுங்கள். பேருந்தில், டீக்கடையில், எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். இது வந்த பிறகு கிட்டாரை எடுங்கள்.

இப்போது சி கார்டு பிடித்துக்கொண்டு கட்டைவிரல் மட்டும்: 5, 4, 5, 4. வேறு எதுவும் வேண்டாம். டிவி பார்த்துக்கொண்டே தடுமாறாமல் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது பழகிவிட்டது.

அடுத்தது அந்த இறக்கம். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் மீட்டாமல் ஒரு சோதனை. சி கார்டு பிடித்து, சுண்டு விரலை 1-ஆம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள். மற்ற விரல்கள் அசையாமல் சுண்டு விரலை மட்டும் எடுங்கள். இப்போது 1-ஆம் கம்பியை வலக்கையால் மீட்டுங்கள். மணி மாதிரி ஒலித்தால் நல்லது. ‘டப்’ என்று செத்த சத்தம் வந்தால் இடது ஆள்காட்டி விரல் சாய்ந்து 1-ஆம் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சுண்டு விரல் நீளும்போது கை திரும்பிவிடுவதால் இப்படி ஆகும். எனக்கு மாதக்கணக்கில் வராமல் இருந்தது இதனால்தான். நானோ சுண்டு விரலுக்கு வலு இல்லை என்று நினைத்து அதைப் போட்டு வதைத்துக்கொண்டிருந்தேன். இடக்கைக் கட்டைவிரலைக் கிட்டார் கழுத்தின் பின்பக்கம் நடுவில் இறக்கி, மணிக்கட்டைச் சற்று முன்னே தள்ளி, ஆள்காட்டி விரலின் நுனியால் அழுத்துங்கள். விரல் வில் மாதிரி வளைந்து நிற்க வேண்டும்.

பிறகு சுண்டுவது. சுண்டு விரலை நேராக மேலே தூக்கினால் சத்தம் வராது. தரைப்பக்கமாகக் கொஞ்சம் இழுத்து விட வேண்டும், கம்பியைச் சின்னதாகக் கிள்ளுகிற மாதிரி. அதிகமாக இழுத்தால் ஸ்ருதி ஏறும், சில சமயம் கம்பி ஃப்ரெட்போர்டின் ஓரத்தைத் தாண்டி நழுவும். ஆர்வக் கோளாறில் நான் ஒரு முறை கம்பியையே அறுத்துவிட்டேன். அதிலிருந்து சேலம் போகும்போதெல்லாம் 1-ஆம் கம்பி மட்டும் இரண்டு வாங்கி வைத்துவிடுகிறேன்.

இப்போது மூன்று அட்சரம் மட்டும்: த, க, தி. சேர்த்து மீட்டு, சுண்டு, கட்டைவிரலால் 4-ஆம் கம்பி, நிறுத்து. பெரும்பாலானவர்களுக்கு ‘க’ வரும்போது வலக்கையும் பதறிப்போய் எதையாவது மீட்டிவிடும். ‘க’வை வாயால் உரக்கச் சொல்லுங்கள், வலக்கை தானாக அடங்கும். இந்த மூன்றை மட்டும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். கை வலித்தால் நிறுத்திவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம். இரவு தூங்கி எழுந்து வாசித்தால் முந்தின நாளைவிடச் சுலபமாக இருப்பதைப் பார்ப்பீர்கள்.

மூன்றும் வந்ததும் முழுச் சுற்று. மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஓர் அட்சரம். அதாவது ஒரு சுற்று முடிய 8 நொடி. தூக்கம் வரும் வேகம்தான், ஆனால் இதில் பிசகு எதையும் மறைக்க முடியாது. தொடர்ந்து ஐந்து முறை சுத்தமாக வந்தால் மட்டும் 10 கூட்டுங்கள். ஐந்தாவதில் தடுக்கினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. இரக்கமே காட்டாதீர்கள். 120 வந்ததும் மெட்ரோனோமைத் திரும்ப 60-க்கு இறக்கி, தட்டைக் கட்டைவிரலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் அதேதான், 4 நொடிக்கு ஒரு சுற்று. அங்கிருந்து நான்கு நான்காக ஏறி 96 வரை போனால் போதும். எனக்கு அங்கே போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. எந்த வேகத்தில் உடைகிறதோ, அங்கிருந்து இரண்டு படி கீழே இறங்கி, த-க-தி மட்டும் மறுபடி.

இடையிடையே போனில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது நன்றாக இருந்த மாதிரி தோன்றியது, கேட்கும்போது கட்டைவிரல் நொண்டுவது தெரிந்துவிடும்.

சி-யில் கைக்குப் படிந்துவிட்டால் ஏ மைனர் கார்டுக்குப் போங்கள். மோதிர விரலை 5-ஆம் கம்பியிலிருந்து எடுத்து 3-ஆம் கம்பியின் 2-ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் போதும். ஆள்காட்டி, நடுவிரல் இரண்டும் இருந்த இடத்திலேயே. 5-ஆம் கம்பி திறந்து ஒலிக்கும், சுண்டு விரலுக்கு அதே வேலை. சி-யில் நான்கு சுற்று, ஏ மைனரில் நான்கு சுற்று. மோதிர விரல் இடம் மாறும்போது ஆள்காட்டி விரல் திரும்பவும் சாயப் பார்க்கும், அந்த ‘டப்’ சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.