பழைய மிட்-இன்ஜின் காரை மதுரையில் பயமில்லாமல் ஓட்டிப் பழகுவது எப்படி?

செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே கேமனோ பாக்ஸ்டரோ வாங்கி மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றால், முதல் சில வாரம் மூன்று பயம் இருக்கும். கீறல் விழுமோ, அடி தட்டுமோ, இவ்வளவு பவரை நம்மால் சமாளிக்க முடியுமோ. முதல் இரண்டும் நியாயமான பயம். மூன்றாவது தேவையில்லாதது. 981 மாடல் கேமனின் 2.7 லிட்டர் இன்ஜின் 275 குதிரைத்திறன், வண்டி எடை 1,300 கிலோ சொச்சம். நேர் ரோட்டில் அந்த பவர் உங்களை ஒன்றும் செய்யாது, மிதித்தால்தானே போகும். எடை எங்கே இருக்கிறது, உங்கள் வலது கால் அதை முன்னாலும் பின்னாலும் எப்படித் தள்ளுகிறது என்பது புரியாமல் வளைவில் நுழைவதுதான் ஆபத்து. அது புரிந்துவிட்டால் பயம் தானாகக் குறையும்.

இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது, இதைத்தான் மிட்-இன்ஜின் என்கிறார்கள். டிவிஎஸ் எக்ஸெல்லில் அரிசி மூட்டையைக் காலடியில் வைத்து ஓட்டுவதற்கும் பின் கேரியரின் நுனியில் கட்டி ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும் இல்லையா, காலடியில் இருந்தால் வண்டி சொன்னபடி திரும்பும். கேமனும் அப்படித்தான், எடையெல்லாம் நடுவில் இருப்பதால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் அசைத்தாலே மூக்கு திரும்பிவிடும். ஆனால் சுலபமாகத் திரும்புகிற வண்டி, பின் டயர் பிடி விட்டால் சுலபமாகச் சுழலவும் செய்யும், சுதாரிக்கக் கிடைக்கிற நேரம் குறைவு.

ஓட்டுவதற்கு முன்னால் டயரைப் பாருங்கள். இந்த மாதிரி வண்டிகள் பெரும்பாலும் ஷெட்டிலேயே நிற்பதால் கிலோமீட்டர் குறைவாக இருக்கும், டயரின் பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்து கெட்டியாகி இருக்கும். டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் உண்டு. 2318 என்று இருந்தால் 2018-ன் 23-வது வாரம் தயாரித்தது என்று அர்த்தம். ஆறு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருக்க வேண்டும். 18 இன்ச் வீல் வந்த கேமனில் முன்னால் 235, பின்னால் 265 அகலம், அதனால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போடுகிற வேலை நடக்காது. முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி என்று விற்றவர் மாட்டிக் கொடுத்திருந்தால், நீங்கள் பழகுவது அந்த வண்டியின் குணத்தை அல்ல, அந்த டயர்களின் சண்டையை.

காற்றை விடியற்காலையில், டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். மே மாச மதியத்தில் பங்க்கில் பார்க்கிற அளவு பொய் சொல்லும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டதென்றால் மாற்றுங்கள். இன்ஜின் ஆயிலைக் குச்சி விட்டுப் பார்க்க முடியாது, 981 மாதிரி வண்டிகளில் குச்சியே கிடையாது, மீட்டர் திரையில்தான் அளவு காட்டும். இன்னொன்று, நம் ஊர் ஆட்கள் கவனிக்காதது: ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன. வேப்பஞ்சருகும் பாலிதீன் பையும் அந்த வாயில் போய் அடைத்துக்கொண்டு கிடக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். அதைச் சுத்தம் செய்யாமல் கோரிப்பாளையம் சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்பது இன்ஜினுக்குச் செய்கிற பாவம்.

சரி, உட்காருங்கள். கிளட்ச்சையோ பிரேக்கையோ முழுசாக மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், முதுகு சீட்டை விட்டு எழும்பாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். நிறைய பேர் சாய்ந்து படுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும், பிரேக்கைப் பலமாக மிதிக்க முடியாது. கண்ணாடிகளைச் சரிசெய்ய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், கேமனில் பின்பக்க ஓரங்கள் சுத்தமாகத் தெரியாது. டவுன் பஸ் டிரைவருக்கு நீங்கள் கண்ணில் படவே மாட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு உங்கள் கூரை அவருடைய வீல் மட்டத்தில்தான் வரும்.

முதலில் ஓட்ட சிம்மக்கல், பெரியார் பக்கம் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் சுற்றுச்சாலை, இல்லையென்றால் 2023-ல் திறந்த நத்தம் ரோட்டு மேம்பாலம். 7.3 கிலோமீட்டருக்கு வேகத்தடையோ குறுக்கே ஆடு மாடோ கிடையாது. அங்கே வேகம் போகாதீர்கள், போர்டில் போட்டிருக்கிற அளவுக்குள்ளேயே கியரையும் ஆக்சிலேட்டரையும் பழகுங்கள். தலை ஆடாமல் கியர் மாற்ற வருகிறதா, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி அதே பக்குவத்தில் விட வருகிறதா, இதுதான் பரீட்சை. ஆயில் சூடாகும்வரை இன்ஜினை முறுக்காதீர்கள். தண்ணீர் முள் ஏறியதை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஆயில் அதற்கு அப்புறம்தான் சூடாகும்.

அப்புறம் பைக் பையன்கள். பின்னால் இருப்பவன் போனை நீட்டி வீடியோ எடுப்பான், ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்காமல் உங்கள் வீலைப் பார்ப்பான், "அண்ணே, ஒரு முறுக்கு முறுக்குங்கண்ணே" என்று சத்தம் வரும். முறுக்கவும் வேண்டாம், முந்திப் போகவும் வேண்டாம். வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்கினால் ஒரு நிமிஷத்தில் சலித்துப் போய்விடுவான். இது தன்னம்பிக்கைப் பாடத்தில் பாதி.

மீதியில் முக்கியமானது பிரேக். இந்த வண்டி எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்று உடம்புக்குத் தெரியாதவரை எந்த வேகமும் பயமாகத்தான் இருக்கும். ஊரைச் சுற்றி ரோடு மட்டும் போட்டு, ஆர்ச் கட்டி, கல் நட்டு, வீடு ஒன்றுகூட வராமல் கிடக்கிற லே-அவுட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றில் நுழையுங்கள். முதலில் நடந்து பார்த்து ஜல்லி, நாய், ஆடு மேய்ப்பவர் யாரும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். 40-ல் போய் பிரேக்கை ஒரே மிதியாக, தயங்காமல், நிற்கும்வரை விடாமல் மிதியுங்கள். காலுக்கடியில் பெடல் கடகடவென்று துடிக்கும், அது டயர் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் வேலை செய்வது, பயந்து காலை எடுக்காதீர்கள். இடம் இருந்தால் 60-ல் செய்யுங்கள். அடுத்து அதே பிரேக்கை மிதித்தபடி ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒரு கற்பனைப் பள்ளத்தைத் தாண்டிப் பாருங்கள். இவ்வளவு பிடி இருக்கிறதா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

இப்போது வளைவு. மிட்-இன்ஜின் வண்டிக்கு ஒரே ஒரு விதியைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்வேன்: வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடாதீர்கள். விட்டால் எடை முன்னால் பாயும், பின் டயர் லேசாகும், வால் வெளியே போகப் பார்க்கும். அதனால் பயத்தை வளைவுக்கு முன்னாலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். நேராக இருக்கும்போதே பிரேக் அடித்து, தேவைக்கும் குறைவான வேகத்தில் நுழைந்து, காலை லேசாக ஆக்சிலேட்டரில் வைத்து வண்டியை நிதானப்படுத்தி, ஸ்டீயரிங் நேராகத் தொடங்கும்போது அழுத்த வேண்டும். உள்ளே நுழையும்போதே ஆக்சிலேட்டரை மிதித்தால் நேர்மாறாக நடக்கும், முன்பக்கத்தில் எடை குறைவு, மூக்கு திரும்பாமல் வெளியே தள்ளும். கொஞ்சம் பழகிய பிறகு பிரேக்கை ஒரேயடியாக விடாமல், ஸ்டீயரிங் திருப்பத் திருப்ப மெதுவாக விட்டுப் பாருங்கள், முன் டயர் ரோட்டைக் கவ்வுவது கையில் தெரியும்.

இதைப் பழகத் திண்டுக்கல் பக்கம் சிறுமலை போதும், 18 கொண்டை ஊசி வளைவு, வேகமே தேவையில்லை. குறுகலான ரோடு, ஆகவே ஹாரன் அடித்து, ஏறி வருகிறவருக்கு வழிவிட்டுப் போக வேண்டும். வளைவின் உள்ஓரம் செங்குத்தாக இருக்கும், அதில் ஏறினால் முன் பம்பரின் அடி உரசும், கொஞ்சம் அகலமாக எடுங்கள். போடிமெட்டு 17 வளைவும் நல்ல ரோடுதான், ஆனால் காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளும் சாயங்காலம் அவை இறங்குகிற வேகமும் ஒரு தனி உலகம். அந்த நேரங்களைத் தவிருங்கள்.

கிராமத்து ரோடுகளில் அறுவடை சமயத்தில் சோளமும் எள்ளும் காயப்போட்டிருப்பார்கள், அகலமான டயருக்கு அது மணல் மாதிரி வழுக்கும், நடந்து போகிற வேகத்தில் தாண்டுங்கள். வேகத்தடையில் ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி சாய்வாக ஏறுங்கள். ஐப்பசி மழை, அதிலும் நீண்ட வெயிலுக்கு அப்புறம் வருகிற முதல் மழை, தூசியும் எண்ணெயும் கலந்து ரோட்டை வழுக்க வைக்கும். அன்றைக்கு ஆக்சிலேட்டரைத் துடிப்பாக்குகிற ஸ்போர்ட் பட்டனைத் தொடாதீர்கள்.

வண்டி சறுக்கும்போது தானாகப் பிடித்து நிதானப்படுத்துகிற பிஎஸ்எம் என்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை ரோட்டில் எப்போதும் அணைக்காதீர்கள். அணைத்து ஓட்டினால்தான் டிரைவர் என்று சொல்கிறவர்கள் யாரும் உங்கள் பம்பருக்குக் காசு தரப்போவதில்லை. வால் எப்போது, எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால் அதற்கு டிராக் இருக்கிறது. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம், சென்னை அருகே இருக்கிற இருங்காட்டுக்கோட்டை டிராக் கொஞ்சம் தூரம். பக்கத்து சீட்டில் பயிற்சியாளர் உட்காருகிற மாதிரி நாளாகப் பார்த்துப் போங்கள். போவதற்கு முன் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள், பந்தயமும் வேகச் சோதனையும் சாதாரண பாலிசியில் சேராது.