போட்டிக் கடையை நோட்டம் விடுவது எப்படி? சுங்குடி விற்கத் தொடங்குகிறவர்களுக்கு

வீட்டிலிருந்தே சுங்குடி சேலை விற்கலாம் என்று இறங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நானும் மதுரை வில்லாபுரத்தில் ஒரு பீரோவும் வாட்ஸ்அப்புமாகத்தான் ஆரம்பித்தேன். முதல் மாதமே தெற்கு மாசி வீதியில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். கூரை வரை அடுக்கியிருந்த சேலைகளைப் பார்த்து மலைத்துப்போய், வீட்டுக்கு வந்ததும் என் விலையில் 100 ரூபாயைக் குறைத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டேன். அந்த மாதம் கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். அதற்காகப் போட்டிக் கடைப் பக்கமே தலைவைக்காமல் இருக்கவும் முடியாது. இப்போது நான் போவது இப்படித்தான்.

படி 1: கிளம்புவதற்கு முன் உங்கள் கணக்கு

சேலையின் அடக்க விலை, பிக்கோ, ஃபால்ஸ், பார்சல் கவர், கூரியர், உங்கள் கூலி. எல்லாவற்றையும் கூட்டி விற்கும் விலையை நோட்டில் பேனாவால் எழுதிவிடுங்கள். கூலியை விட்டுவிடாதீர்கள்; பெண்கள் நாம்தான் அதை முதலில் மறப்போம்.

படி 2: எந்தச் சுங்குடி என்று பாருங்கள்

சறுக்குகிற இடம் இதுதான். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர மக்கள் வழிவழியாகச் செய்துவரும் தொழில். துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவார்கள். கட்டுக்குள் சாயம் ஏறாத இடம்தான் புள்ளி. ஆனால் கடைகளில் சுங்குடி என்ற பெயரில் தொங்குபவற்றில் மெழுகு அச்சும் உண்டு, வெறும் பிரிண்டும் உண்டு. கை முடிச்சில் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. புதுச்சேலை என்றால் தடவும்போது விரலில் மேடு தட்டும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் அணிவகுத்து நிற்கும். பிரிண்ட் விலையைப் பார்த்துவிட்டு முடிச்சுச் சேலைக்காரர் வயிறு எரிவதில் அர்த்தமே இல்லை. ஆடித் தள்ளுபடியில் போட்டிருக்கும் விலையையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: ஒரு நடைக்கு ஒரு கேள்வி

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே கேள்வி மனதில் இருக்கட்டும். 'என்ன நிறம் முன்னால் தொங்குகிறது?' என்பது போல ஒன்றே ஒன்று. மூன்று கடை, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். வார நாளில் காலை பதினொரு மணி வாக்கில் போனால் கடையில் நின்று பார்க்க முடியும். நாற்பது சேலையை உதற விட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வராதீர்கள். ஒரு ரவிக்கைத் துணியாவது வாங்குங்கள். அவர்களுக்கும் போணி ஆக வேண்டாமா?

படி 4: கடையை விடுங்கள், வருகிறவர்களைப் பாருங்கள்

ஒரு நாள் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் நின்றிருந்தேன். அரக்குச் சேலையை மடியில் விரித்து, முந்தியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியம்மா.

"ஏப்பா, அலசுனா சாயம் போகுமா?"

"அதெல்லாம் போகாதும்மா."

"போன தடவயும் இதத்தான் சொன்னீக. வெள்ளைச் சட்ட பூராம் செவப்பாப் போச்சு."

எழுந்து போய்விட்டார். அந்தக் கடையின் கண்ணாடி, விளக்கு, ஏசி எதுவும் எனக்கு அப்போது கண்ணில் படவே இல்லை. வெறுங்கையோடு திரும்புகிறவர் என்ன கேட்டார் என்பதுதான் நமக்குச் சரக்கு.

படி 5: நோட்டில் இரண்டு பத்தி

இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'பட்டது'. 'அவங்ககிட்ட எம்புட்டுச் சேலை!' என்பதெல்லாம் வலப்பக்கம். எழுதாமல் அடக்கினால் ராத்திரி தூக்கம் போய்விடும். எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்ததும் கோடு போட்டு அடித்துவிடுங்கள். இடப்பக்கத்தில் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றை மட்டும் வட்டமிடுங்கள்.

அன்று நான் வட்டமிட்ட சொல் 'சாயம்'. மறுநாளே என் சரக்கில் ஒரு அரக்குச் சேலையை அலசி, தண்ணீரில் எவ்வளவு சாயம் இறங்குகிறது என்று ஒளிக்காமல் வீடியோ எடுத்துப் போட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு பார்சலிலும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன்: 'முதல் அலசலில் சாயம் இறங்கும். கல் உப்பு போட்ட பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் காயப் போடவும்.'