590 ரூபாயால் நின்ற வீட்டுக் கடன்

வீட்டுக் கடன் விண்ணப்பம் கிரெடிட் ரிப்போர்ட்டில் (நம் கடன், கார்டு கணக்குகளின் அறிக்கை) இடிக்கிறது என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். (காசு கட்ட வேண்டாம். இந்தியாவின் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.) 2022இல் நான் மூடிய கிரெடிட் கார்டு அதில் இன்னும் உயிரோடு இருந்தது, 590 ரூபாய் பாக்கியோடு.

கார்டை மூடியபோது வங்கி தந்த நோ டியூ (பாக்கி இல்லை) கடிதத்தோடு கிளைக்குப் போனேன். "எங்க சிஸ்டத்துல குளோஸ்டுன்னுதான் சார் காட்டுது." கஸ்டமர் கேரிலும் அதே பாட்டு. சரி என்று கடன் தகவல் நிறுவனத்திடம் ஆன்லைனில் டிஸ்பியூட் (தவறு என்று ஆட்சேபம்) போட்டால், விவரம் சரிதான் என்று அதே வங்கி பதில் அனுப்பியது! இரண்டு வாரம் போச்சு.

கடிதத்தையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் பட்டது: கடைசி நான்கு எண்கள் வேறு. நடுவில் கார்டு தொலைந்து புது எண்ணில் மாற்றுக் கார்டு வாங்கியிருந்தேன். மூடியது புதியதை. பழைய எண்ணில் ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90 ஏறியிருக்கிறது.

வங்கியின் நோடல் அதிகாரிக்கு (புகார்களைக் கவனிக்கும் அதிகாரி) மெயில் போட்டேன். இரண்டு எண்களும், மாற்றுக் கார்டு வந்தபோது வந்த எஸ்எம்எஸ் படமும், முதல் புகாரின் தேதியும் இணைத்தேன். 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதியையும் ஒரு வரியில் சேர்த்தேன். 26ஆம் நாள் 'குளோஸ்டு' ஆனது. இழப்பீடு கிடைக்கவில்லை, நான்கு நாள் வித்தியாசத்தில் தப்பித்துக்கொண்டார்கள்.

மற்ற மூன்று அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் பழைய பாக்கி அப்படியே இருந்தது. அதே மெயிலை மறுபடி அனுப்பினேன், அந்தப் பாக்கியும் போய்விட்டது.